மேடையின் கீழே ஒரு குறிப்பேடு

சென்ற மாரிகாலத்தில் மூன்று நாள் விடாது பெய்த மழையினால் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தபோது, என் பேத்தி தன் கணினியில் ஓர் ஆங்கிலத் திரைப்படத்தைக் காட்டினாள். லிந்துலைப் பக்கத்து மழையை அறிந்தவர்களுக்கு அந்த நாள்கள் எப்படியிருக்கும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. மலையும் தெரியாது, பாதையும் தெரியாது, தேயிலைச் செடிகளின் முதல் நிரைக்கு அப்பால் உலகமே இல்லையோ என்று தோன்றும். அப்படிப்பட்ட ஒரு பிற்பகலில், பாரிஸ் நகரத்திலும் அமெரிக்காவிலும் நடந்த ஒரு நடிகையின் கதை எங்கள் சிறிய அறைக்குள் வந்து சேர்ந்தது.

படத்தின் பெயர் ‘செபெர்க்’. 2019ஆம் ஆண்டு வெனிஸ் திரைப்பட விழாவில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. பெனடிக்ட் ஆண்ட்ரூஸ் என்பார் இயக்கியது. ஜீன் செபெர்க் என்ற நடிகையை அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறை எவ்வாறு பின்தொடர்ந்தது, ஒட்டுக்கேட்டது, அவதூறு பரப்பியது, முடிவில் எவ்வாறு உடைத்தது என்பதே கதை. கிறிஸ்டன் ஸ்டூவர்ட் அந்த நடிகையாகத் தோன்றுகிறார்.

படம் முடிந்ததும் பேத்தி கேட்டாள்: “தாத்தா, அவ்வளவு பெரிய அரசாங்கம் ஒரு நடிகைக்கு ஏன் பயப்பட வேணும்?”

நான் ஏதோ ஒரு விடை சொன்னேன். நாற்பது ஆண்டு வகுப்பறையில் நின்றவனுக்கு எந்தக் கேள்விக்கும் ஒரு விடை வாயில் தயாராக இருக்கும். ஆயினும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அக்கேள்விக்கு உரிய விடையை நான் புத்தகத்திலிருந்து எடுத்துச் சொன்னேனேயன்றி, என் வாழ்க்கையிலிருந்து எடுத்துச் சொல்லவில்லை என்பதே காரணம். அந்தக் குறையைத் தீர்க்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

ஒரு பொய்யின் வரலாறு

ஜீன் செபெர்க் 1938ஆம் ஆண்டு அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மார்ஷல்டவுன் என்னும் சிற்றூரில் பிறந்தவர். ஓட்டோ பிரெமிஞ்சர் என்ற இயக்குநர் ‘செயின்ட் ஜோன்’ என்ற படத்துக்குக் கதாநாயகி தேடியபோது, ஏறத்தாழ 18,000 பேரிலிருந்து தெரிவு செய்யப்பட்டார். அப்பொழுது அவருக்கு வயது 17. அப்படத்தில் ஜோன் தீக்கிரையாகும் காட்சியைப் பிடிக்கும்போது உண்மையாகவே தீக்காயம் பட்டார். படம் 1957இல் வெளிவந்து தோல்வி கண்டது. பின்னர் 1960இல் கொடார் இயக்கிய ‘பிரெத்லெஸ்’ என்ற பிரெஞ்சுப் படம் அவரை உலகப் புகழுக்கு உயர்த்தியது.

இளமையிலேயே கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்தில் சேர்ந்தவர் அவர். பின்னாளில் கருஞ்சிறுத்தைகள் என்ற கறுப்பின இயக்கத்தாருக்குப் பண உதவி செய்தார். அவ்வியக்கத்துக்கு அவர் கொடுத்தது ஏறத்தாழ 10,500 டொலர் என்று புலனாய்வுத் துறை கணக்கிட்டது. ஒரு பேரரசின் அத்திவாரத்தை அசைக்கக்கூடிய தொகையன்று அது. எனினும் எட்கார் ஹூவரின் தலைமையில் இயங்கிய அத்துறைக்கு அதுவே போதுமானதாயிருந்தது. 1956 முதல் 1971 வரை அத்துறை நடத்திவந்த ஓர் இரகசியத் திட்டம் உண்டு. குற்றம் செய்தவரைப் பிடித்து வழக்குத் தொடுப்பது அதன் நோக்கமன்று. விரும்பத்தகாதவர் என்று கருதப்பட்டவரைச் சமூகத்தின் கண்முன் சிறுமைப்படுத்திச் செயலற்றவராக்குவதே நோக்கம்.

1970ஆம் ஆண்டு செபெர்க் கருவுற்றிருந்தார். அச்செய்தியை அதிகாரிகள் ஒட்டுக்கேட்ட தொலைபேசிப் பேச்சிலிருந்து அறிந்துகொண்டனர். உடனே லொஸ் ஏஞ்சல்ஸ் அலுவலகத்தார், அக்குழந்தைக்குத் தகப்பன் கருஞ்சிறுத்தைகள் இயக்கத்தைச் சேர்ந்த ஒருவர் என்ற வதந்தியைப் பத்திரிகைக்கு எழுதிவிடலாமா என்று தலைமையகத்திடம் அனுமதி கேட்டனர். தலைமையகத்தார் மறுக்கவில்லை. கர்ப்பம் வெளியே நன்கு தெரியும்வரை ஏறத்தாழ இரண்டு மாதம் பொறுத்திருப்பது நலம் என்றே அறிவுரை கூறினர். நாற்றுக்கு நாள் பார்க்கும் உழவனைப் போல ஒரு பொய்க்கு நாள் பார்த்திருக்கிறார்கள்.

அந்த இரண்டு மாதமும் யாரும் பொறுக்கவில்லை. அவ்வாண்டு மே மாதமே ஒரு நாளிதழின் வம்புப் பத்தியில் ‘செல்வி அ’ என்று பெயர் மறைத்து அச்செய்தி வந்தது. ஆகஸ்டில் ஒரு வாரச் சஞ்சிகை பெயரையே போட்டு வெளியிட்டது. ஆகஸ்ட் 23ஆம் நாள் குறைமாதத்தில் பிறந்த பெண்குழந்தை இரண்டாம் நாளே இறந்துபோயிற்று. குழந்தையை மார்ஷல்டவுனுக்குக் கொண்டுவந்து, பெட்டியை மூடாமல் ஊராருக்குக் காட்டி அடக்கம் செய்தார் அந்தத் தாய். தோலின் நிறத்தை ஊரார் கண்ணால் பார்க்கட்டும் என்பதே கருத்து. உலக இலக்கியங்களில் எத்தனையோ சோகக் காட்சிகளைப் படித்திருக்கிறேன். பிணமான சிசுவைச் சாட்சிக்கு அழைத்த ஒரு தாயின் காட்சியை நான் வேறெங்கும் படித்ததில்லை.

1979ஆம் ஆண்டு செப்டெம்பர் 8ஆம் நாள், பல நாள் காணாமற்போயிருந்த செபெர்க் பாரிஸ் நகர வீதியொன்றில் தம் மோட்டார் வண்டிக்குள்ளே பிணமாகக் கண்டெடுக்கப்பட்டார். வயது 40. அடுத்த சில நாள்களுக்குள் புலனாய்வுத் துறை அந்த வதந்தி தன்னுடைய வேலையே என்று ஒப்புக்கொண்டது. அவருடைய முன்னாள் கணவரான எழுத்தாளர் ரொமெய்ன் கரி, குழந்தை இறந்த நாள் திரும்பும்போதெல்லாம் அவர் தற்கொலைக்கு முயன்றார் என்று கூறினார். மறு ஆண்டு டிசம்பரில் கரியும் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார்.

படத்தின் நிறையும் குறையும்

படத்தைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். நாயகியின் நடிப்பு மிகச் சிறப்பானது. தன் வீட்டுச் சுவருக்குள் யாரோ இருக்கிறார்கள் என்ற எண்ணம் ஒரு பெண்ணின் நடையை, பார்வையை, உறக்கத்தை எவ்வாறு கெடுக்கும் என்பதை அவர் மிகைப்படுத்தாமல் காட்டுகிறார். தன்னைச் சந்தேகிப்பவர்களே தன்னைப் பைத்தியம் என்றும் சொல்லும்போது ஒரு மனிதப் பிறவி எங்கே போய் முறையிடும்?

ஆனால் படத்தில் ஒரு பெருங்குறை உண்டு. உளவு பார்க்கும் அதிகாரிகளில் ஓர் இளைஞனைக் கற்பனையாகப் படைத்து, அவனுக்கு ஒரு மனச்சாட்சியையும் கொடுத்து, கதையின் பெரும்பகுதியை அவன் வசம் ஒப்படைத்துவிட்டார்கள். அவன் வருந்துகிறான், தடுமாறுகிறான், பரிகாரம் தேடுகிறான். வரலாற்றில் இருப்பதோ தட்டெழுத்தில் அமைந்த கடிதங்கள் மட்டுமே. அவற்றில் அனுமதி கேட்டலும் அனுமதி கொடுத்தலும் உண்டு, மனச்சாட்சி இல்லை. நாடகத்துக்கு அது தேவைப்பட்டது போலும்.

படம் பார்த்த அன்று இப்படித்தான் நினைத்தேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். காரணத்தைக் கட்டுரையின் முடிவில் கூறுகிறேன்.

நம் மேடையும் பொலிஸாரும்

நடிகர்களை வேவு பார்ப்பது அமெரிக்கர் கண்டுபிடித்த வித்தையன்று. இந்தியாவில் வெள்ளை அரசாங்கம் 1876ஆம் ஆண்டிலேயே நாடக நிகழ்ச்சிச் சட்டம் என்றொரு சட்டத்தை இயற்றிவிட்டது. இராசத்துரோகம் அல்லது ஆபாசம் என்று கருதப்படும் நாடகத்தைத் தடை செய்யவும், நாடகப் பிரதியைக் கேட்டு வாங்கிப் பார்க்கவும் அதிகாரம் கொடுத்தது அச்சட்டம். வெ. சாமிநாத சர்மாவின் ‘பாணபுரத்து வீரன்’ தடைக்குள்ளாகி, பின்னர் டி. கே. எஸ். சகோதரர்களால் ‘தேசபக்தி’ என்ற வேறு பெயருடன் மேடையேறிய வரலாற்றை நாடக அபிமானிகள் அறிவார்கள். இலங்கையிலும் 1912ஆம் ஆண்டு பொது அரங்காற்றுகைச் சட்டம் வந்தது.

ஆனால் தமிழ் நாடகமேடையில் இச்சட்டத்துக்கு ஒரு பெருஞ் சங்கடம் காத்திருந்தது. அக்காலத்தில் ‘ஸ்பெஷல் நாடகம்’ என்றொரு வகை வழங்கியது. ஓர் ஊரிலிருந்து ராஜபார்ட், இன்னோர் ஊரிலிருந்து ஸ்திரீபார்ட், வேறோர் ஊரிலிருந்து ஆர்மோனியக்காரர் என்று வந்து, ஒத்திகை இல்லாமலே மேடையில் சந்திப்பார்கள். கதை எல்லாருக்கும் தெரிந்த வள்ளி திருமணம், அல்லது பவளக்கொடி. பாட்டும் தர்க்கமும் அந்தந்த இரவில் பிறக்கும். இப்படிப்பட்ட நாடகத்துக்குப் பிரதி எங்கே இருக்கிறது, வாங்கிப் பார்ப்பதற்கு? ஆகவே பொலிஸார் தாமே கொட்டகைக்கு வந்து, கையில் குறிப்பேட்டுடன் முன்வரிசையில் உட்கார வேண்டியதாயிற்று.

அவ்வாறு அவர்களை உட்காரச் செய்தவர்களில் தலையாயவர் எஸ். எஸ். விசுவநாத தாஸ். முருக வேடத்தில் நின்றுகொண்டே தேசியப் பாட்டைத் தொடங்கிவிடுவார். தினைப்புனத்தில் பறவை விரட்டும் பாட்டில் வெள்ளைக் கொக்கு ஒன்று வந்து சேரும். அது எந்தக் கொக்கு என்று கொட்டகையிலுள்ள சிறு பிள்ளைக்கும் தெரியும். பலமுறை சிறை சென்ற அப்பெருமகன், 1940ஆம் ஆண்டின் கடைசி நாளிரவு சென்னை ராயல் தியேட்டரில் மயில்மேல் அமர்ந்த முருகனாக மேடையிலேயே உயிர் நீத்தார்.

அவருடன் நடித்த ஒரு பெண்மணியின் வரலாறே இங்கு முக்கியமானது. அவர் கே. பி. ஜானகி அம்மாள். மதுரையில் 1917ஆம் ஆண்டு பிறந்து, தாயை இழந்து, பாட்டியிடம் வளர்ந்தவர். பன்னிரண்டாம் வயதில் பழனியப்பா பிள்ளையின் நாடகக் கம்பெனியில் மாதம் 25 ரூபா சம்பளத்துக்குச் சேர்ந்தார். கதாநாயகியாக உயர்ந்தார். அதே கம்பெனியில் ஆர்மோனியம் வாசித்த குருசாமியை மணந்தார். விசுவநாத தாஸ் மருத்துவர் குலத்தவர் என்ற காரணத்தால் அவருடன் ஜோடி சேர்ந்து நடிக்க நடிகைகள் பலர் மறுத்த காலத்தில், நான் நடிக்கிறேன் என்று முன்வந்தவர் ஜானகி அம்மாள். அன்றைய தமிழ்ச் சமூகத்தில் அது ஒரு சிறிய செயலன்று. பொலிஸாரின் பகையைத் தேடிக்கொள்வதற்கு முன்பே அவர் ஊராரின் பகையைத் தேடிக்கொண்டார்.

1936இல் காங்கிரசில் சேர்ந்து, சோஷலிஸ்டுகளோடு நின்று, 1940இல் கம்யூனிஸ்ட் கட்சிக்கு வந்தார். கூட்டம் தொடங்குமுன் கணவர் ஆர்மோனியம் வாசிக்க அவர் பாடுவார். பாட்டுக்குக் கூட்டம் கூடும். பின்னர் பேச்சு நடக்கும். இரண்டாம் உலகப் போரின்போது போருக்கு எதிராகப் பேசியதற்காக இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ்ச் சிறைப்பட்டார். தென்னாட்டில் அவ்விதிகளின் கீழ்க் கைதான முதற் பெண்மணி அவரே என்று கூறுவர். மேடையில் சம்பாதித்த நகைகளையும் பட்டாடைகளையும் இயக்கத்துக்கே விற்றுக் கொடுத்தார். 1967ஆம் ஆண்டு மதுரை கிழக்குத் தொகுதியிலிருந்து சட்டமன்றத்துக்குத் தெரிவானார். 1992இல் மறைந்தபோது அவரிடம் சொத்து என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை.

செபெர்க்கை முறித்த ஆயுதம் ஜானகி அம்மாளை ஏன் முறிக்கவில்லை? இது என்னுடைய அபிப்பிராயம் மாத்திரமே. ‘நாடகக்காரி’ என்ற சொல்லே அக்காலத்தில் ஒரு வசவாக வழங்கியது. ஊர் வாயிலுள்ள வம்பு முழுவதையும் அவர் இளமையிலேயே கேட்டுத் தீர்த்திருப்பார். அதிகாரிகள் புதிதாகச் சொல்ல என்ன மீதமிருந்தது? அதற்கு மேலாக, அவர் மேடையை விட்டு இறங்கினால் பக்கத்தில் ஆர்மோனியத்துடன் கணவர் இருந்தார். எதிரே பாட்டை அறிந்த கூட்டம் இருந்தது. செபெர்க்கோ இரண்டு நாடுகளுக்கு இடையே, இரண்டு மொழிகளுக்கு இடையே, ஒரு தனியறையில் இருந்தார். வதந்தி தனித்திருப்பவரைத்தான் தின்னும்.

எங்கள் மலைகளில்

எங்கள் மலைநாட்டுக்கும் இக்கதையில் ஓர் அத்தியாயம் உண்டு. தஞ்சை மண்ணிலிருந்து வந்து, தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்த கோ. நடேசையரின் பெயரை மலையகத்தார் மறக்கமாட்டார்கள். தோட்டத்துப் பாதை துரையின் சொந்தப் பாதை. அனுமதியின்றி அந்நியர் நுழைந்தால் குற்றம் என்ற நிலையில், அவர் புடவை வியாபாரி வேடத்தில் லயங்களுக்குள் புகுந்தார் என்று அவருடைய சரித்திரத்தை எழுதியோர் கூறுவர். அதுவும் ஒரு நாடகம்தானே?

அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மை நடிகையல்லர், ஆனால் பாடகி. மக்கள் நாவில் பழகிய மெட்டுகளில் தொழிலாளரின் துயரத்தைப் பாட்டாக்கி, கூட்டங்களிலே பாடினார். அவற்றைச் சிறு நூல்களாக அச்சிட்டும் பரப்பினார். 1939ஆம் ஆண்டு இலங்கை அரசாங்கம் இந்திய நாட்கூலிகளை வேலையிலிருந்து நீக்கத் தொடங்கிய நாள்களில் அப்பாடல்களுக்கு இருந்த கூர்மையை இன்று நாம் ஊகிக்கத்தான் முடியும். எழுத்தறியாத மக்களுக்குத் துண்டுப் பிரசுரம் பயனில்லை. பாட்டு ஒருத்தியின் வாயிலிருந்து மறுத்தியின் வாய்க்குப் போய்விடும். கொழுந்து மலையில் அதைப் பறிமுதல் செய்ய எந்தக் கங்காணியாலும் முடியாது. என் அப்பாயி கூடை பின்னும்போது முணுமுணுத்த மெட்டொன்று அவ்வாறு வந்ததுதான் என்று என் தகப்பனார் சொல்வார். சொற்கள் போய்விட்டன, மெட்டு மட்டும் என் காதில் நிற்கிறது.

இதுவரை சொன்னவை எல்லாம் பேத்திக்கு நான் சொன்ன விடைதான். இனிச் சொல்லப் போவதை அவளுக்கும் சொல்லவில்லை.

1985

அவ்வாண்டு நான் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியனாக இருந்தேன். ஆண்டிறுதிக் கலைவிழாவுக்காக ஒரு நாடகம் எழுதினேன். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்த மக்களில், 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேர் இலங்கைக்கு என்றும் பிரிக்கப்பட்டார்கள் அல்லவா? ஒரு குடும்பத்தில் கணவன் அந்தப் பக்கமும் மகன் இந்தப் பக்கமும் எழுதப்பட்டுவிட, நடுவில் நிற்கும் ஒரு தாயே என் நாடகத்தின் தலைவி. கடைசிக் காட்சியில் அவள் இரண்டு கடதாசிகளைக் கையில் வைத்துக்கொண்டு சபையைப் பார்த்து ஐந்து நிமிடம் பேசுவாள்.

அத்தாயாக நடித்தவள் கீழ்க்கணக்கைச் சேர்ந்த ஒரு மாணவி. வயது பதினாறு. இரண்டு தலைமுறை காமன் கூத்தில் வேடங்கட்டிய குடும்பம். அவள் அந்தக் கடைசிப் பேச்சை ஒத்திகையில் பேசிய முதல் நாள், கூடத்தின் யன்னலருகே வேலை முடிந்து போய்க்கொண்டிருந்த பெண்கள் கூடையை இறக்காமலே நின்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்த நடிகைகளில் அவளே சிறந்தவள் என்று இன்றும் சொல்வேன்.

அவசரகாலச் சட்டம் நடைமுறையிலிருந்த காலம். ஒரு மாலை ஓர் அலுவலர் சாதாரண உடையில் பாடசாலைக்கு வந்தார். அதட்டவில்லை, மிரட்டவில்லை. எங்களோடு அமர்ந்து தேநீர் குடித்தார். நாடகப் பிரதியைக் கேட்டு வாங்கிப் புரட்டினார். கடைசிப் பேச்சில் இரண்டு வரிகளைப் பென்சிலால் கோடிட்டார். “இதை யார் பேசுகிறது?” என்றார். அவளை அழைத்தேன். பெயர், தகப்பன் பெயர், எந்த லயம், எத்தனையாம் காம்பரா என்று கேட்டுத் தம் சிறிய குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். புறப்படும்போது, “நல்லாய்ப் பேசுகிற பிள்ளை. கவனமாயிருக்கச் சொல்லுங்கள்” என்று தணிந்த குரலில் சொன்னார். அவர் முகத்தில் வருத்தம் இருந்ததா என்று நான் பிற்காலத்தில் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். இருந்தது என்றே நினைக்கிறேன். வருத்தத்தோடுதான் அந்தப் பெயரையும் எழுதிக்கொண்டார். ஆகவேதான், படத்திலே வரும் மனச்சாட்சியுள்ள அதிகாரி பொய் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்த மனச்சாட்சியால் யாருக்கும் பயன் விளையவில்லை என்று மட்டுமே சொல்ல முடியும்.

அதற்குப் பின் அரசாங்கத்திடமிருந்து ஒருவரும் வரவில்லை. வரவேண்டிய அவசியமே இருக்கவில்லை. மறுநாள் காலைப் பெரட்டில் அவள் ‘பொலிஸ் தேடின புள்ளை’ ஆகிவிட்டாள். வாரம் முடிவதற்குள் அவளுக்கு யாரோ ஒருவனிடமிருந்து கடிதம் வருகிறது என்றார்கள். அடுத்த வாரம் அவனுக்கு ஓர் ஊரும் பெயரும் இயக்கமும்கூட முளைத்துவிட்டன. அமெரிக்காவில் ஒரு பெரிய அலுவலகம் தட்டெழுத்தில் செய்த வேலையை எங்கள் மலையில் தண்ணீர்ப் பீலியடியில் நின்றவர்கள் சம்பளம் வாங்காமலே செய்து முடித்தார்கள்.

ஒரு மாலை அவளுடைய தகப்பனார் தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றார். “வாத்தியாரய்யா, புள்ளைய நிப்பாட்டிக்கிறேங்க” என்றார்.

அவர் சொன்னதெல்லாம் அவ்வளவே. நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பதை வாசகர்கள் அறிவார்கள். நான் சொன்னது, “சரி.”

எனக்கு இடமாற்றப் பயம் இருந்தது. வீட்டில் கைக்குழந்தை இருந்தது. இவை உண்மையான காரணங்கள்; ஆனால் போதுமான காரணங்களல்ல. கடைசிப் பேச்சை நாடகத்திலிருந்து வெட்டினேன். அந்தத் தாள்களை வீட்டு அடுப்பிலே போட்டேன். வேறொரு மாணவியைக் கொண்டு நாடகத்தை நடத்தினேன். கைதட்டினார்கள். அவள் அடுத்த மாதமே கொழுந்து மலைக்குப் பெயர் பதிந்துகொண்டாள்.

இஸ்தோப்பில் ஒரு மேடை

படம் பார்த்து ஒரு கிழமை கழித்து மழை விட்ட ஒரு நாள், நான் கீழ்க்கணக்குக்கு இறங்கிப் போனேன். அவளுக்கு இப்பொழுது ஐம்பத்தாறு வயதிருக்கும்; பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். என்னைக் கண்டதும் எழுந்து, புடவைத் தலைப்பால் இஸ்தோப்பிலிருந்த வாங்கைத் துடைத்து, உட்காரச் சொன்னாள். தேநீர் வந்தது. நான் சுற்றி வளைக்காமல், வந்த காரியத்தைச் சொன்னேன். அன்று நான் செய்தது பிழை என்றேன்.

அவள் சிறிது நேரம் எதிரேயிருந்த மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கோவமெல்லாம் இல்லீங்கய்யா. நீங்க வந்து அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு ரெண்டு நாள் வாசல்லயே பாத்துக்கிட்டிருந்தேன். அப்புறம் பாக்கல.”

நாற்பது ஆண்டுகளாக நான் அஞ்சியிருந்த குற்றச்சாட்டு அவ்வளவு சிறியதாயிருந்தது. இரண்டு நாள், ஒரு வார்த்தை. கீழ்க்கணக்குக்கு நடந்தால் அரைமணி நேரப் பாதை.

பிறகு அவளே கேட்டாள்: “அந்தக் கடைசிப் பேச்சு உங்ககிட்ட இருக்குங்களாய்யா?”

இல்லை, எரித்துவிட்டேன் என்றேன்.

“எனக்குப் பாடமுங்க” என்றாள்.

அவள் எழுந்து நிற்கவில்லை, கையை அசைக்கவில்லை. உட்கார்ந்தபடியே, மலையைப் பார்த்தபடியே தொடங்கினாள். முதற்சொல்லிலிருந்து கடைசிச் சொல்வரை, பென்சிற்கோடு விழுந்த அந்த இரண்டு வரிகளும் உட்பட, ஒன்றும் விடவில்லை. நான் எழுதியதைவிட ஓரிடத்தில் நன்றாகவும் இருந்தது; அங்கே அவள் தன் சொல்லொன்றைச் சேர்த்திருந்தாள். அடுத்த காம்பராப் பெண்கள் இருவர் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு வந்து வாசற்படியில் நின்றார்கள். ஒரு சிறுமி வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தாய் சபையிடம் கேட்ட கேள்விக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் ஒருவாறு விடை சொல்லிவிட்டது. ஆயினும் அன்று அந்த இஸ்தோப்பில் நின்ற எங்களில் எவருக்கும் அது தீர்ந்துபோன கேள்வியாகத் தோன்றவில்லை.

என் பேத்தியின் கேள்விக்கு இப்பொழுது என்னால் விடை சொல்ல முடியும். அரசாங்கங்கள் நடிகைக்கு அஞ்சுவதில்லை. கூடையை இறக்காமல் யன்னலருகே நின்று கேட்கிறார்களே, அவர்களுக்கு அஞ்சுகின்றன. நடிகையைத் தனிமைப்படுத்திவிட்டால் அவர்கள் கலைந்து போய்விடுவார்கள் என்று எண்ணுகின்றன. அந்தத் தனிமைப்படுத்தும் வேலையில் பாதியை அரசாங்கம் செய்கிறது. மீதிப் பாதியை, ‘சரி’ என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போகும் என்னைப் போன்றவர்கள் செய்கிறோம்.

அவள் பேசி முடித்ததும், இன்னொரு முறை மெதுவாகச் சொல்லும்படி வேண்டினேன். சட்டைப் பையிலிருந்து என் சிறிய குறிப்பேட்டை எடுத்தேன். தாளின் தலைப்பில் முதலாவதாக அவள் பெயரை எழுதினேன். அவள் ஒரு கணம் அந்தக் குறிப்பேட்டைப் பார்த்தாள், பின்பு என்னைப் பார்த்தாள், மெல்லச் சிரித்தாள்.

“இந்தத் தடவை எழுதிக்குங்கய்யா” என்றாள்.